மச்சானின் கூட்டாளி பார்த்த பேய்: கேட்ட கதையைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

இழவு வீட்டில் ராத்திரி கண் முழிக்கும்போதோ, மழையில் கரண்ட் போய் எல்லோரும் அடுப்படியில் ஒண்டிக்கொள்ளும்போதோ, இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு கதை எப்படியும் வந்து சேரும். பணிய லயத்துப் (கீழ்ப்பக்கத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பீலிக்கரையில், அதாவது தண்ணீர் பிடிக்கும் இடத்தில், யாரோ நின்றது, ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) வேலை முடிந்து வந்தவரின் பின்னாலேயே காலடிச் சத்தம் வந்தது, பழைய துரை பங்களாப் பக்கம் குதிரைக் குளம்பு கேட்டது. சொல்பவர் பார்த்திருக்க மாட்டார். அவருக்குத் தெரிந்த ஒருவர் பார்த்திருப்பார். இங்கே எழுதுவது அந்த மாதிரிக் கதைகளுக்கு மட்டும்தான். நீங்களே எதையாவது பார்த்திருந்தால் அது வேறு சமாச்சாரம்.

பேய் இருக்கிறதா இல்லையா என்று விவாதிக்க உட்கார்ந்தால் விடிந்துவிடும், கதை சொன்னவருக்கும் கோபம் வந்துவிடும். அதை ஒதுக்கி வையுங்கள். இந்தக் கதையில் ஒரு மனிதர் கண்ணால் கண்டது எவ்வளவு, காதால் கேட்டது எவ்வளவு, வழியில் ஏறியது எவ்வளவு என்று பிரித்தால் போதும். அதைச் செய்வதற்கு நம்பிக்கை உள்ளவராகவோ இல்லாதவராகவோ இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

எத்தனை வாய் மாறியது?

"எங்க சித்தப்பா சொன்னாரு" என்று ஒருவர் தொடங்கினால், சித்தப்பாவே பார்த்தாரா, அவருக்கும் யாராவது சொன்னார்களா என்று கேளுங்கள். பல கதைகள் இந்த இடத்திலேயே ஒரு படி பின்னால் போய்விடும். சித்தப்பாவோடு தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய ஒருவர் அவருக்குச் சொன்னார், அந்த ஒருவருக்கு மேட்டு லயத்து ஆள் சொன்னார், மேட்டு லயத்து ஆள் இப்போது கொழும்பில் ஏதோ கடையில் நிற்கிறார், எந்தக் கடை என்று யாருக்கும் தெரியாது. இப்படி மூன்று நான்கு வாய் தாண்டி வந்த கதையில் புடவை நிறம், பேசிய வார்த்தை, மணி ஆகியவற்றை எல்லாம் சாட்சியாக எடுக்காதீர்கள். இடம் மட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கும், அதுவும் எப்போதும் இல்லை.

கேம்பிரிட்ஜில் இருந்த உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார், 1932இல் வெளியிட்டார். வட அமெரிக்கப் பழங்குடிகளின் ஆவிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்கு வாசிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை சுருங்கியது, அவர்களுக்குப் பழக்கமில்லாதது எல்லாம் பழக்கமானதாக மாறியது. பழங்குடிகளின் ஓடம் சாதாரணப் படகானது, கடல்நாய் வேட்டை மீன்பிடியானது, ஆவிகளே காணாமல் போன இடமும் உண்டு. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. கேட்பவருக்கு எது இயல்போ கதை அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். அங்கே ஆவி உதிர்ந்து போனது. நம் லயங்களில் வளர்ந்தவர்களுக்கு முனியும் மோகினியும் சின்ன வயதிலிருந்து பழக்கம், அதனால் நம் பக்கம் கதை எதிர்த்திசையில் போகும். "யாரோ நின்ன மாதிரி இருந்துச்சி" என்று புறப்பட்டது "தலைவிரி கோலமா நின்னுச்சி" என்று வந்து சேரும்.

அச்சைத் தெரிந்துவைத்திருங்கள்

சில கதைகளுக்கு நிலையான அச்சு இருக்கிறது. ராத்திரியில் றோட்டோரம் கைக்குழந்தையோடு வெள்ளைச் சேலைப் பெண், பிள்ளையைக் கொஞ்சம் பிடியுங்கள் என்று கேட்பாள்: மோகினி. இதைக் கடுகண்ணாவை வளைவுக்கும் சொல்வார்கள், கினிகத்தேனைக்கும் சொல்வார்கள், றம்பொடைக்கும் சொல்வார்கள். முதுகில் ஓங்கி அடித்துக் கைத்தடம் பதிந்து காய்ச்சலில் விழுந்தார் என்றால் அது சிங்களக் கிராமங்களின் மஹசோனா, கரடித் தலையோடு சுடலையிலும் சந்தியிலும் நடமாடுபவன். தோட்டத்தில் இரண்டு சனங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் தமிழ் லயத்துக் கதையிலும் அந்த அடி விழும். சுருட்டு வாசமும் சலங்கையும் என்றால் முனி. பூட்ஸும் குதிரையும் என்றால் வெள்ளைக்காரத் துரை.

ஒரே கதை ஊர் பேர் மட்டும் மாறி உலாவுவது உலகம் முழுக்க நடக்கிறது. அமெரிக்காவில் ரிச்சர்ட் பியர்ட்ஸ்லி, ரோசலி ஹான்கி என்ற இருவர் 1942, 43இல், வண்டியில் ஏறிப் பாதி வழியில் மறைந்துபோகும் பயணியைப் பற்றி எழுத்தில் கிடைத்த 79 வடிவங்களைச் சேர்த்து ஒப்பிட்டார்கள். ஆகவே உங்கள் கதை அச்சுக்கு அப்படியே பொருந்தினால், அதைக் குறிப்பிட்ட ஒரு ராத்திரியின் சம்பவமாக எடுக்காமல், ஊர் சுற்றும் கதையாக எடுங்கள். அதுவும் சேர்த்துவைக்கத் தக்கதுதான், ஆனால் அதை வைத்து அந்த வளைவில் ஏதோ இருக்கிறது என்று சொல்ல முடியாது.

அச்சுக்குப் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கும் விவரம் கிடைத்தால் விடாதீர்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. பீலிக்கரைக் கதை ஒன்று எங்கள் பக்கம் நெடுநாள் ஓடியது. வெள்ளைச் சேலை, விரித்த முடி, தரையில் படாத கால், எல்லாம் இருந்தது, கூடவே "பக்கத்துல ஒரு மஞ்சள் வாளி" என்றும் இருந்தது. மோகினிக்கு எதற்கு வாளி? கதையில் வரும் ஆளையே போய்ப் பிடித்தபோது அவர் எழுபது வயதைத் தாண்டியிருந்தார், இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

"மாமா, கால் இல்லன்னு எப்படித் தெரிஞ்சிச்சி?"

"கானுக்கு அங்கிட்டு நின்னுச்சிப்பா. முட்டிக்குக் கீழ தெரியல." கான் என்றால் தண்ணீர் ஓடும் வாய்க்கால்.

"அப்ப கால் தெரியலையா, இல்ல கால் இல்லையா?"

கொஞ்சம் யோசித்தார். "தெரியலதான். இல்லன்னு நான் யாருகிட்டயும் சொல்லல, அது மத்தவங்க சொன்னது." பிறகு கேட்காமலே சொன்னார், அது மாசி மாதக் கோடை, பகலில் பீலியில் தண்ணி நூல் மாதிரிதான் விழும், ராத்திரியில் வாளி வைத்துப் பிடிப்பவர்கள் இருந்தார்கள் என்று. சரி, அப்போ அது தண்ணி பிடிக்க வந்த யாரோ ஒரு பொம்பளையா என்று கேட்டேன். "இருக்கலாம். ஆனா கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்கல" என்றார். அந்த மிச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டேன். கதையில் எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். மிதக்கும் கால் போனது, வாளி நின்றது, திரும்பாத தலை ஒன்று பாக்கி.

கேட்கிற விதம்

முதல் தடவை குறுக்கே பேசாமல் முழுசாகச் சொல்ல விடுங்கள். அப்புறம்தான் கேள்வி. கேள்வியில் நீங்களே விவரத்தைத் திணிக்கக் கூடாது, "சேலை வெள்ளையா?" என்று கேட்டால் வெள்ளையாகிவிடும், "என்ன உடுத்திருந்துச்சி?" என்று கேளுங்கள். எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் செய்த சோதனையில், வாகன விபத்துப் படத்தைப் பார்த்தவர்களில் சிலரிடம் வண்டிகள் "இடித்தபோது" என்ன வேகம் என்றும் சிலரிடம் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். நொறுங்கியது என்று கேட்கப்பட்டவர்கள் கூடிய வேகம் சொன்னதோடு, ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியையும் பார்த்ததாக அதிகம் பேர் சொன்னார்கள். ஒரு வினைச்சொல்லுக்கே இந்தக் கதி என்றால், "பேய் எந்தப் பக்கம் நின்னுச்சி?" என்று கேட்பது என்ன செய்யும் என்று பாருங்கள்.

கூட்டத்தில் கேட்காதீர்கள். இழவு வீட்டில் ஒருவர் சொல்லும்போது பக்கத்தில் நான்கு பேர் எடுத்துக்கொடுப்பார்கள், கதைக்கு அது நல்லது, உங்களுக்கு அல்ல. தனியாக, பகலில், முடிந்தால் அந்த இடத்துக்கே கூட்டிப்போய்க் கேளுங்கள். எங்கே நின்றீர்கள், கையில் என்ன இருந்தது, டோர்ச் இருந்ததா, எந்த ஷிப்ட் முடிந்து வந்தீர்கள், பக்கத்தில் நாய் குரைத்ததா. சம்பவத்தில் இரண்டு பேர் இருந்தால் இரண்டு பேரிடமும் வெவ்வேறு நேரத்தில்.

நிலாவைப் பற்றி கட்டாயம் கேளுங்கள். தீபாவளிக்கு முந்தின ராத்திரி நல்ல நிலா வெளிச்சத்தில் பார்த்தார் என்று யாராவது சொன்னால், தீபாவளி வருவதே அமாவாசையை ஒட்டித்தான், அப்போது நிலா எங்கிருந்து வரும்? ஒன்று நாள் தப்பு, அல்லது வெளிச்சம் தப்பு. மாறாக, போயா (பௌர்ணமி) லீவுக்கு மறுநாள் என்றால் நிலா சரிதான். மலைநாட்டில் தேதி மறந்தவர்களுக்கும் போயா, திருவிழா, சம்பள நாள், காமன் கூத்து நினைவிருக்கும், அவற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் மாதமாவது கிடைக்கும்.

இடம் சொல்வது

லயத்துக் காம்பரா (அறை) ஒன்றோடொன்று ஒட்டியது. ஒரே கூரை, பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரை வரை ஏறாது, அதனால் தொங்கல் (கடைசி) வீட்டில் பாத்திரம் விழுந்தால் நடு வீட்டு உத்தரத்தில் கேட்கும். பகலில் சூடேறிய தகரம் ராத்திரிக் குளிரில் சுருங்கும்போது டக் டக் என்று நடக்கிற மாதிரியே சத்தம் போடும். மரநாய் வேறு. ஸ்டோருக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு, கொழுந்து வாட்டும் காத்தாடி ராத்திரி முழுக்க இரைந்துகொண்டிருக்கும், அது நின்றுபோகும் நேரத்தில் வரும் நிசப்தம்தான் பல பேரைத் தூக்கத்திலிருந்து எழுப்பும்.

தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டம் உண்டு, அதன் குரல் உறுமலைவிட மரம் அறுக்கிற வாள் சத்தத்துக்குத்தான் கிட்ட வரும். தெரியாதவர் கேட்டால் ராத்திரியில் யார் மரம் அறுக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். பெண் அலறுவது மாதிரி காட்டிலிருந்து வரும் சத்தத்துக்கு உலமா என்று பெயர், பெரிய கழுகாந்தை வகை ஒன்றின் குரல் என்று பலரும் சொல்கிறார்கள், வேறு பறவைகளின் பெயரும் அடிபடுகிறது.

காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போகும்போது சூரியன் முதுகுப் பக்கம், எதிரே பள்ளத்தில் பனிமூட்டம், அதில் பிரமாண்டமாக ஒரு உருவம், தலையைச் சுற்றி வானவில் வளையம், நாம் கையைத் தூக்கினால் அதுவும் தூக்கும். அது நம் நிழல்தான். ஜெர்மனியில் புரோக்கன் என்ற மலையில் 1780இல் ஒருவர் இதை விவரித்து எழுதியதால் அந்த மலையின் பெயரே அதற்கு நிலைத்தது. விடியற்காலையில் சிவனொளிபாதமலை தன் முக்கோண நிழலைப் பனியில் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மவுசாகலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா டவுன் மூழ்கிக் கிடக்கிறது, தண்ணீர் வற்றும் வருடங்களில் பழைய கோயில் வெளியே தலைகாட்டும். தண்ணிக்குள்ளிருந்து மணி கேட்டது என்று யாராவது சொன்னால் உடனே சிரித்துவிடாதீர்கள், மணி கேட்டிருக்கலாம். குளிர்ந்த இரவில் நீர்ப்பரப்புக்கு மேல் குளிர்காற்றும் அதற்கு மேல் சூடான காற்றும் இருந்தால் சத்தம் மேலே சிதறாமல் கீழே வளைந்து வெகு தூரம் ஓடிவரும். அக்கரைக் கோயில் மணி இக்கரையில் பக்கத்தில் கேட்கும். அன்றைக்கு அக்கரையில் திருவிழாவா என்று கேட்டுப் பாருங்கள்.

நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அமுக்கியது, கத்த முடியவில்லை, ஆள் நிற்பது தெரிந்தது என்றால் பெரும்பாலும் தூக்கத்தில் வருவது. கனவு காணும் கட்டத்தில் உடம்பு அசையாமல் பூட்டிக்கொள்ளும், விழிப்பு முந்திக்கொண்டால் இப்படி ஆகும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் நைட் ஷிப்ட் மாறி மாறிச் செய்பவர்களுக்கும் கூடுதலாக வரும்.

இன்னொன்றைக் கொஞ்சம் அவசரமாகவே விசாரியுங்கள். ஒரே வீட்டில் எல்லோருக்கும் தலைவலி, குமட்டல், ராத்திரியில் காலடிச் சத்தம், யாரோ இருக்கிற உணர்வு, அதுவும் குளிர் மாதத்தில் என்றால் அடுப்புக்கரியைச் சட்டியில் போட்டுக் கதவை அடைத்துக்கொண்டு தூங்குகிறார்களா என்று பாருங்கள். கார்பன் மோனொக்சைடு. அமெரிக்கக் கண் மருத்துவர் வில்லியம் வில்மர் 1921இல் எழுதிய ஒரு குடும்பத்தின் பேய் வீட்டுக்குக் காரணம் பழுதான சூடாக்கும் அடுப்புதான். அங்கே கதையை அப்புறம் எழுதலாம், முதலில் ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, கேட்கிற கதைக்கெல்லாம் "அது பனிமூட்டம்", "அது மரநாய்" என்று தீர்ப்பு சொல்லிக்கொண்டு திரிபவர்களைப் பார்த்தால் எனக்குப் பேய்க்கதை சொல்பவர்களைவிட எரிச்சல் வரும். அன்றைக்குப் பனி இருந்ததா என்று கேட்காமல் பனி என்று சொல்வதும் கேள்விப்படாத ஒன்றைக் கட்டி விடுவதுதான்.

தேதி உள்ளதைத் தேதியில் பிடியுங்கள்

நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஏழு கன்னியர் மலையைப் பற்றிக் கதை கேட்டால், அடியில் ஒரு நிஜச் சம்பவம் இருப்பது நினைவிருக்கட்டும். 1974 டிசம்பர் 4 ராத்திரி, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பில் இறங்க வந்த மார்ட்டின்எயார் டிசி-8 விமானம் அந்த மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் இறந்தார்கள். விமானிகள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தப்பாகக் கணித்து முன்னதாகவே இறக்கியதுதான் காரணம். மலை இழுத்துக்கொண்டது என்று ஒருவர் சொன்னால், அவர் அன்றைக்குச் சத்தம் கேட்டவரா, மறுநாள் மலை ஏறியவரா, பிறகு பிறந்தவரா என்று பாருங்கள். அப்போது அங்கே இருந்தவர் என்றால் பேயை விட்டுவிட்டு அந்த ராத்திரியைப் பற்றிக் கேளுங்கள், அதைச் சொல்ல இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள்?

பங்களாத் துரை கதைகளும் இப்படித்தான். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோது வெள்ளைக்காரர்கள் போனார்கள், இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி லயம் லயமாகச் சனங்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். காலியான காம்பராவில் ராத்திரி அழுகைச் சத்தம் என்ற கதை எந்த வருடத்திலிருந்து சொல்லப்படுகிறது என்று விசாரித்தால், அந்தக் காம்பராவில் இருந்த குடும்பம் எப்போது போனது என்பதும் கூடவே வரும்.

யாருக்கு லாபம்?

ஓடைக்குக் கீழே முனி உலாவுகிறது என்ற கதை, அங்கே கசிப்பு (கள்ளச்சாராயம்) காய்ச்சுபவருக்கு வாட்ச்சரைவிட நல்ல காவல். களவாக மாணிக்கக் குழி தோண்டுபவருக்கும் அப்படியே. பிள்ளைகள் இருட்டியதும் பீலிக்குப் போகக் கூடாது என்பதற்காகப் பெரியவர்கள் சொல்வதும் உண்டு, அதில் எனக்குப் புகார் இல்லை.

ஆனால் பயம் ஆளைக் கொன்ற வருடமும் நமக்கு இருக்கிறது. 2011 ஆகஸ்டில் உடம்பில் கிரீஸ் பூசிய மனிதன் பெண்களைத் தாக்குகிறான் என்ற பேச்சு நாடு முழுக்கப் பரவியது, கிரீஸ் பூதம் என்றார்கள். ஹப்புத்தளைப் பக்கம் தோட்டத்தில் இரண்டு பேரைக் கிரீஸ் பூதம் என்று சந்தேகித்துச் சனங்கள் வெட்டிக் கொன்றார்கள். இப்படிச் சூடாக ஓடும் கதை வாட்சப்பில் குரல் பதிவாக வந்தால் ஆராய்ச்சி எல்லாம் அப்புறம். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யாருக்கு நடந்தது என்று அனுப்பியவரிடமே திருப்பிக் கேளுங்கள், பதில் வரும்வரை ஒருவருக்கும் அனுப்பாதீர்கள், அந்தத் தோட்டத்தில் தெரிந்தவர் இருந்தால் நேரே போன் எடுங்கள். அந்த நாட்களில் அடி வாங்கக்கூடியவர் ராத்திரியில் வழி தவறி வந்த யாரோ ஒரு வெளியாள், அல்லது மனநிலை சரியில்லாத ஒரு மனிதர்.

எங்கே கேள்வியை நிறுத்துவது

சாமி சமாச்சாரத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஸ்டோர் இயந்திரத்துக்குக் காவல் என்று ரோதைமுனிக்குப் படையல் வைப்பவரும் கவ்வாத்துக்கு முன்னால் கவ்வாத்துசாமியைக் கும்பிடுபவரும் உங்களிடம் சாட்சி சொல்ல வரவில்லை, அதற்கு எத்தனை வாய் மாறியது என்று எண்ணுவது அசட்டுத்தனம்.

செத்தவர்களை அறிந்தவரிடமும் அப்படித்தான். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் மூடிப்போயின. அப்படியொரு இடத்தில் சொந்தத்தைப் பறிகொடுத்த ஒருவர் ராத்திரியில் அம்மா கூப்பிட்ட சத்தம் கேட்டது என்று சொன்னால் டோர்ச் இருந்ததா, எத்தனை மணி என்று கேட்காதீர்கள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள்.

மற்றக் கதைகளை எழுதிவையுங்கள். சொன்னவர் பேசிய பேச்சிலேயே எழுதுங்கள், "அங்கிட்டு" என்றால் அங்கிட்டு என்றே இருக்கட்டும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது, நீங்கள் என்றைக்குக் கேட்டீர்கள், அவர் கண்டது எது, அவர் நினைத்தது எது, உங்கள் ஊகம் எது என்று பிரித்து வையுங்கள். போனில் பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், ஆள் பெயர்களை வெளியே விடாதீர்கள். கொஞ்ச நாள் கழித்து அதை அவருக்கே வாசித்துக் காட்டினால் "நான் அப்படிச் சொல்லலியே" என்று ஓர் இடத்திலாவது சொல்வார். பழையதை அழிக்காமல், அவர் இப்போது சொல்வதைப் பக்கத்தில் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.